மரை என்ன மரை?

சுடலைக்கண்ணுவிடம் போல்ட் வாங்கப் போகிறவன் முதலில் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், போல்ட்டெல்லாம் அப்புறம்தான். சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் பருப்பு மண்டிக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில் ஒற்றை ஷட்டர் போட்ட இரும்புச் சாமான் கடை அவருடையது. போல்ட், நட்டு, வாஷர், கீல், கொண்டி, ஆணி, கட்டுக்கம்பி. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இளந்தாரியாகத் திருவனந்தபுரம் வந்து இறங்கியவர். மலையாளம் தண்ணியாகப் பேசுவார். திட்டுவது மட்டும் எப்போதும் தமிழில்தான்.

“அண்ணாச்சி, நாலு நூல் போல்ட் கொஞ்சம் எடுங்க” என்று எவனாவது வந்து நின்றானோ, தொலைந்தான். நாலு நூல் என்றால் அரை இஞ்சுத் தடிமன், அதில் ஓடுகிற திருகுவரி, அதாவது மரை, எந்த ரகம் என்று அவன் சொல்லவில்லையே.

“நாலு நூல்னா? மரை என்ன மரை?”

“மரையா? சாதா மரைதான்.”

“சாதா மரைன்னு ஒண்ணை உங்கப்பன் கண்டுபிடிச்சானாடே? இஞ்சு மரையா, எம்எம் மரையா, நைஸ் மரையா? தடிமன் சேந்தாப் போதுமா? மரை சேரண்டாமா? போ, பழைய போல்ட்டைக் கழட்டிக் கையில கொண்டு வா. வாயை மாத்திரம் கொண்டு வந்திருக்கான் சாமான் வாங்க.”

திட்டோடு போனால் பரவாயில்லை. கடை முகப்புத் தூணில் ஓர் ஆணி, ஆணியில் கட்டுக்கம்பியால் முறுக்கிய ஒரு வளையம். மரை சேராத போல்ட்டைச் சுத்தியலால் தட்டி, குறடு போட்டு முறுக்கி, நாசமாக்கிவிட்டு, “மாத்திக் குடுங்க அண்ணாச்சி” என்று திரும்பக் கொண்டுவருகிறவர்களுடைய சரக்கெல்லாம் அந்த வளையத்தில் தொங்கும். மாற்றித் தரவும் மாட்டார், தூக்கிப் போடவும் மாட்டார். கோர்த்துத் தொங்கவிட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுவார். இது கரமனை மேஸ்திரி செஞ்ச வேலை. இது பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற பெரிய இஞ்சினியர். இந்தா, இந்த வாய் பிளந்து நிக்கிறது நெடுமங்காட்டு லாரிக்காரன் பகவதிப்பெருமாளோடது, முறுக்கியிருக்கான் பாரு மூதேவி. பகவதிப்பெருமாள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார். அந்த மனுஷனும் சிரித்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வேறு கடையில் அந்தச் சரக்கு கிடைக்காது.

இந்த நாக்கு அப்படியே ஒரு சொட்டுக் குறையாமல் மகள் அஜிதாவுக்கு வந்திருந்தது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் படித்துவிட்டு, கடைக்கு மேலேயிருக்கிற வீட்டில், தெருப்பக்கத்து அறையில் மேசை போட்டு, கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆரியசாலைக் கடைக்காரர்கள், ஸ்டுடியோக்காரர்கள், டியூஷன் சென்டர்காரர்கள் எல்லாரும் கொண்டுவருவார்கள். சரிசெய்து கொடுத்தால், “அண்ணாச்சி கடையில ரிப்பேர் பார்த்தேன்” என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அண்ணாச்சி கடையில்! அண்ணாச்சிக்கு மௌஸ் எது, கீபோர்டு எது என்று தெரியாது. அஜிதாவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் உச்சந்தலை கொதிக்கும்.

கடைக்குப் பக்கத்தில் தெருவிலிருந்தே ஏறுகிற மாடிப்படி. படிக்கு அடியில் ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும் போடலாம். அங்கே ஆணி மூட்டைகள் கிடந்தன. அந்த இடத்தைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு, அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து பார்த்த பிறகு ஒருநாள் சுடலைக்கண்ணு, கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேதமாணிக்கத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்னார்:

“சேரி. ரிப்பேரு கணக்கில்ல. ஒரு புது மெஷின், நீ முழுசாச் செஞ்சது, நம்ம படிய விட்டு இறங்கிப் போயி, குத்தம் சொல்லித் திரும்பி வராம இருக்கட்டும். அன்னைக்கு ஆணி மூட்டைய நானே எடுத்துத் தாரேன். உன் பேருல போர்டு எழுதி வச்சுக்கோ. கேட்டியால வேதமாணிக்கம்?”

“கேட்டேன் அண்ணாச்சி.”

போர்டில் என்ன எழுத வேண்டும் என்று அஜிதா எப்போதோ முடிவு செய்திருந்தாள். ‘அஜிதா கம்ப்யூட்டர்ஸ்’. தமிழிலும் மலையாளத்திலும்.

அந்த ஒரு மெஷின் வந்தது, வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து. பிரணவ் என்று இஞ்சினியரிங் படிக்கிற பையன். அவன் அப்பா வெங்கடகிருஷ்ணன், அரசாங்கக் கணக்கு ஆபீசில் சூப்பிரண்டு. அப்பாவிடம் படிப்புக்கு என்று சொல்லிப் பணம் வாங்கியவன், அஜிதாவிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னான்.

“சேச்சி, சத்யம் பறஞ்ஞால் கேம் களிக்கத்தான். காலேஜ் ஃபெஸ்ட்ல போட்டி இருக்கு. கடைக்காரா எல்லாம் டைப் அடிக்கற மெஷினைக் காட்டி கேமிங்னு சொல்றா. நீங்க பண்ணித் தாங்கோ. எனக்குத் திக்கித் திக்கி நிக்கப்படாது.”

அஜிதாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்கிற கிராக்கி சாலையில் லேசில் கிடைப்பதில்லை. மதர்போர்டு, பிராசசர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, கார்டுக்குத் தாங்குகிற பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கிப் பூட்டினாள். மெமரி மட்டும் முதலில் ஐநூற்றுப் பன்னிரண்டு எம்பியில் ஒன்று போட்டு ஓட்டிப் பார்த்தாள். துப்பாக்கிச் சண்டை மும்முரமாகும் இடத்தில் படம் திக்கியது. இன்னொன்று வேண்டும். அதுவும் ஏற்கெனவே இருக்கிறதற்கு ஜோடியாக, அதே வகை, அதே வேகம், முடிந்தால் அதே கம்பெனி. அப்படிப் போட்டால்தான் இரண்டும் சேர்ந்து இழுக்கும்.

அந்த வருஷம் பார்த்துத்தானா டிடிஆர் டூ என்று புதிய ரக மெமரி கடைகளுக்கு வந்து தொலைக்க வேண்டும்? பழைய டிடிஆரும் புதிய டிடிஆர் டூவும் நீளத்தில் ஒன்று. பச்சைப் பட்டை, கறுப்புச் சில்லுகள், அடியில் வரிசையாகப் பொன்முலாம் பூசிய பற்கள். வித்தியாசம் பற்களின் எண்ணிக்கையிலும், குடிக்கிற கரண்டிலும், அடியில் இருக்கிற ஒரு வெட்டிலும்தான். வெட்டு இதில் ஒரு இடத்தில், அதில் நூல் கணக்கில் தள்ளி. போர்டில் மெமரி உட்காருகிற குழியில் அந்த வெட்டுக்கு நேராக ஒரு சின்ன மேடு இருக்கும். மாற்று ரகத்தைக் கொண்டுவந்து எவனாவது முட்டாள் திணித்துவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த மேடு.

அஜிதா தானே தம்பானூரில் மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போய் வாங்கியிருப்பாள். எப்போதும் அப்படித்தான் போவாள். ஆனால் ஐப்பசி பிறந்ததும் வள்ளியூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஜாதகம் வந்திருந்தது. சுடலைக்கண்ணு கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டே சட்டம் போட்டுவிட்டார்.

“அந்த மாடிக் கடையில பூரா ஆம்பளப் பயக்களா நிக்கானுவ. கல்யாணம் பேசுற நேரத்துல நீ அங்க போயி நிக்கண்டாம். நான் வாங்கியாரேன். எனக்குத் தெரியாத சரக்கா?”

“எப்பா, இது உங்க சரக்கு இல்ல.”

“எல்லாம் சரக்குதாம்ட்டி. சொல்லு, என்ன வேணும்?”

அவள் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். “டிடிஆர். ஐநூத்திப் பன்னிரண்டு. ஸ்பீடு நானூறு. டிடிஆர் டூன்னு குடுத்தா வாங்காதிய. இந்தா, மெஷின்ல உள்ளதைக் கழட்டித் தாரேன். கையில கொண்டு போங்க, கடைக்காரன்கிட்டக் காட்டி, இது மாதிரியே ஒண்ணு தான்னு கேளுங்க.”

கவரில் போட்டுக் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“அப்பா! அதை எடுத்துட்டுப் போங்க!”

“சாம்பிளைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கடை கடையா அலைய நான் என்ன நேத்து முளைச்ச பயலா? சாலையில வந்து கேளு, சுடலைக்கண்ணு யாருன்னு.”

பழைய போல்ட்டைக் கொண்டுவராதவனை எல்லாம் நாயே பேயே என்று விரட்டுகிற மனுஷன் சொன்ன பேச்சு இது. அஜிதாவுக்குப் பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுக்கலாம் என்றுதான் இருந்தது. அதற்குள் அம்மா உலகம்மாள் மேலேயிருந்து கூப்பிட்டுவிட்டாள். பாலராமபுரத்தில் சித்தி மகளுக்குச் சீமந்தம். போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அப்பாவின் உத்தரவு. பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு, சுற்றியதெல்லாம் கடுகடுப்பாக, அம்மாவோடு பஸ் ஏறிப் போனாள். அங்கே போய் உட்கார்ந்தாலும் மனசு பூராவும் தம்பானூரில் இருந்தது. ஒருத்தி வளையல் போட்டுவிடக் கூப்பிட்டாள், இவள் காதிலேயே விழவில்லை.

திரும்பும்போது ஐப்பசித் துலாவர்ஷ மழை இடியோடு பிடித்துக்கொண்டது. கிழக்கேகோட்டையில் இறங்கி, முழங்காலுக்குச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலைக்குள் நடந்தார்கள். ஓடை நிறைந்து தெருவெல்லாம் வெங்காயத் தோலும் அழுகின முட்டைக்கோசும் மிதந்தன. கடை வாசலில் நின்ற வேதமாணிக்கம் அஜிதாவைப் பார்த்ததும் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. மாடிப்படியில் பாதி ஏறியதும் அவளுக்கு நாற்றம் அடித்தது. தீய்ந்த பிளாஸ்டிக் நாற்றம்.

அறையில் சுடலைக்கண்ணு நாளிதழை மடித்து விசிறிக்கொண்டு நின்றார், நாற்றத்தை ஜன்னல் வழியாக வெளியே விரட்டுவதற்கு. மேசையில் மெஷின் வயிறு திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த முக்கோண அரம். மேசை விரிப்பில் பச்சையும் மஞ்சளுமாக ராவின தூள்.

“என்னப்பா செஞ்சிய?”

“ஒண்ணும் செய்யலையே. சுவிட்சைப் போட்டேன். டப்புன்னுச்சு. உன் மெஷின்ல என்னவோ கோளாறு கெடக்கு.”

அஜிதா மெமரியைப் பிடுங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். டிடிஆர் டூ. அடி வெட்டு அரத்தால் ராவி அகலமாக்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கத்துப் பற்களும் போயிருந்தன. மிச்சப் பற்கள் கருகியிருந்தன. போர்டில் குழியின் ஓரம் உருகி, கறுப்பாகக் கொப்பளித்திருந்தது. தராசுக்குப் பக்கத்தில் விட்டுப்போன நல்ல மெமரியையும் எடுத்துக்கொண்டுவந்து பக்கத்துக் குழியில் பூட்டியிருந்தார் மகராசன். அதுவும் போச்சு.

“இது என்னதுப்பா? இது என்னது?”

“கொஞ்சம் பிடிச்சுது. ராவினேன்.”

“ராவினியளா!”

“ஏட்டி, கத்தாத. மழைச் சத்தத்தையும் மீறிக் கேக்குது. கீழ ஆளு நிக்கு.”

“கேக்கட்டும்! தெரு பூராக் கேக்கட்டும்! இது டூ. டூ வாங்காதியன்னு எத்தனை மட்டம் சொன்னேன்? கடைக்காரன் கேக்கலையா?”

“கேட்டான். டிடிஆரா, டூவான்னு கேட்டான். எதுடே புதுசுன்னேன். டூதான்னான். பின்னே டூவே குடுன்னேன். உனக்கு நல்ல சரக்கா இருக்கட்டும்னுதானே வாங்கினேன்? பழசை எவனாவது வாங்குவானா?”

“நாலு நூல் போல்ட்டு கேக்கறவன்கிட்ட நீங்க இப்படியா குடுப்பிய? எது புதுசோ அதைக் கொண்டு போன்னு?”

சுடலைக்கண்ணுவுக்கு முகம் கறுத்தது. “அது வேற, இது வேற.”

“எப்படி வேற? சொல்லுங்க, எப்படி வேற? உள்ள போகலைன்னு தெரிஞ்சதுல்ல? நிப்பாட்ட வேண்டியதுதானே? நான் வரும் மட்டும் பொறுக்க வேண்டியதுதானே? கை நிக்காதா?”

“அந்த அக்ரஹாரத்துப் பட்டர் பையன் போன் செஞ்சான், நாளைக் காலையில வந்து எடுத்துக்கிடுதேன்னு. வாரவனை வெறுங்கையோட அனுப்பச் சொல்லுதியா? நீ சீமந்தம் உண்ணப் போயிட்ட.”

“நானா போனேன்? நீங்கதானே அனுப்பினிய! தம்பானூருக்குப் போகாதன்னதும் நீங்கதான், பாலராமபுரத்துக்குப் போன்னதும் நீங்கதான்! ரெண்டு எடத்துலயும் என் காலைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுட்டு, இங்க வந்து என் மெஷினுக்குக் கொள்ளி வச்சிருக்கிய!”

கை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கின கையில் அரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அஜிதா பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கார்டு பிழைத்திருந்தது. பிராசசரை வேறொரு பழைய போர்டில் போட்டுப் பார்த்தாள், பிழைத்திருந்தது. போர்டும் மெமரியும் சுடுகாட்டுக்குத்தான். அழுகை வரவில்லை. புது போர்டு வாங்கிப் பூட்டிவிடலாம். அதில்லை விஷயம். நாளைக்குக் காலையில் வருகிறவர்களிடம் யார் பெயரைச் சொல்வது?

அதற்கும் சுடலைக்கண்ணு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். நேரே சொல்லத் தைரியமில்லை. உலகம்மாளிடம் சொல்லியனுப்பினார். உலகம்மாள் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, சாளைக் கறியை மேலே ஊற்றி, தட்டோடு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தின்னு மக்கா. காலையில சீமந்த வீட்டுலயும் நீ ஒண்ணும் தொடலை.”

“வேண்டாம்.”

“அவியளுக்கும் மனசு சரியில்ல. சாப்பிடாமக் கெடக்காவ.”

“கெடக்கட்டும்.”

உலகம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே திரும்பத் துடைத்தாள். “நாளைக்கு அந்த ஐயரு வந்தா, நீதான் கை தவறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. பொட்டப்புள்ள செஞ்சதுன்னா பெரிசா எடுத்துக்கிட மாட்டாங்க. அவிய செஞ்சதுன்னு ஆச்சுன்னா, சாலை பூராச் சிரிக்கும். மரை தெரியாதவன்னு சொல்லுவான் ஒவ்வொருத்தனும். அவிய பொழப்பே அந்த வாயிலதானே நடக்கு?”

“அப்போ என் பொழப்பு?”

“உனக்கென்ன, கல்யாணம் ஆகிப் போகப் போற புள்ள.”

“ஐயோ, நிறுத்தும்மா! இந்த மெஷின் குத்தம் சொல்லித் திரும்பி வராம இருந்தா எனக்கு எடம் தாரேன்னு சொன்னாரு. இப்போ அவரே கெடுத்துட்டு, குத்தம் என் பேருலன்னு என்னையே சொல்லச் சொல்லுதாரு. எடமும் இல்ல, பேரும் இல்ல. நல்லாருக்குல்ல ஏற்பாடு?”

“நான் ஏத்துக்கிடலையா? பேட்டை காண்ட்ராக்டருக்குக் கம்பி மாறிப் போனப்ப, இவதான் கட்டுனா, இவளுக்குக் கண்ணு தெரியலைன்னு உங்கப்பா அத்தனை பேரு முன்னால சொன்னாவ. நான் ஆமான்னுட்டேன். செத்தா போயிட்டேன்?”

அஜிதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “அதுக்கு முன்னால நீதானேம்மா கல்லாவுல இருப்ப? அன்னைக்குப் பெறவு ஒருநாளாவது கடைக்குள்ள கால் வச்சிருக்கியா?”

உலகம்மாள் கிழங்குத் தட்டில் விழுந்திருந்த கறிவேப்பிலையை எடுத்து ஓரத்தில் வைத்தாள். பிறகு தட்டை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. வெங்கடகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். பின்னாலேயே பிரணவ், மெஷினை மூடிக்கொண்டு போவதற்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையோடு. சுடலைக்கண்ணு கல்லாவை விட்டு எழுந்துவந்து கும்பிட்டார். அவர் யாருக்காவது எழுந்து கும்பிட்டு வேதமாணிக்கம் பார்த்ததில்லை.

“வாங்க சார். இருங்க சார். ஒரு சின்ன விஷயம். மெஷின் இன்னைக்குக் கெடைக்காது. பொண்ணு என்னவோ கை தவறி, மெமரிய மாத்தி மாட்டிப்புட்டா. உள்ள கொஞ்சம் கரிஞ்சு போச்சு. சின்னப் பொண்ணு அல்லே சார், பொறுத்துக்கிடணும். புதுசு போட்டுத் தந்திருதோம்.”

பிரணவின் கையிலிருந்த உறை கீழே இறங்கியது. “சேச்சியா? சேச்சி அப்படிப் பண்ண மாட்டாளே!”

“நான் அப்பவே சொன்னேனாக்கும்” என்றார் வெங்கடகிருஷ்ணன் மகனிடம். “கம்பெனி மெஷினா வாங்கிடலாம்டான்னு. கேட்டியோ? பொம்மனாட்டி ஒருத்தி ஜோரா அசெம்பிள் பண்றாளாக்கும்னு நீதான் குதிச்சே. இப்போ கரிஞ்சு போச்சாம். எந்தா கதை!”

மாடிப்படியில் அஜிதா நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். சுடலைக்கண்ணு கண்ணைக் காட்டினார்: சொல்லு, ஒரு வார்த்தை. அவள் அவரைப் பார்க்கவேயில்லை. நேரே தூணுக்குப் போனாள். ஆணியிலிருந்து கட்டுக்கம்பி வளையத்தை இறக்கினாள், முறுக்கைப் பிரித்தாள், கையிலிருந்த பச்சைப் பட்டையைக் கம்பியில் வைத்துச் சுற்றினாள். அரத்தால் ராவின பள்ளத்தில் கம்பி கச்சிதமாக உட்கார்ந்தது. வளையத்தை முறுக்கி மறுபடி ஆணியில் மாட்டினாள்.

“எடுட்டி அதை” என்றார் சுடலைக்கண்ணு, அடித் தொண்டையில்.

“எடுக்க மாட்டேன். சார், இங்க வந்து பாருங்க. இது மெமரி. இந்தப் பள்ளம் பாத்தியளா, இது அரத்தால ராவினது. உங்க மெஷினுக்கு இந்த ரகம் சேராது. சேராததை ராவித் திணிச்சிருக்கு. நான் செய்யலை. கம்ப்யூட்டர் படிச்ச எவளும் இதைச் செய்ய மாட்டா. என் மேசையில அரமே கெடையாது.”

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டையைப் பார்த்தார். பிறகு கடைக்குள் அடுக்கியிருந்த அரங்களைப் பார்த்தார். பிரணவ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அய்யோ, பல்லெல்லாம் போச்சே, ஃபெஸ்ட்டுக்கு இனி என்ன பண்ணுவேன்” என்றான்.

கெட்ட நேரத்துக்கு, மழைக் கோட்டோடு பகவதிப்பெருமாள் வந்து நின்றார். லாரி தெருமுனையில் நின்றது. வந்தவர் கண் வழக்கம்போலத் தூணுக்குப் போயிற்று, தன்னுடைய போல்ட் இன்னும் அங்கே தொங்குகிறதா என்று பார்க்க. தொங்கியது. பக்கத்தில் புதிதாகப் பச்சை நிறத்தில் ஒன்று.

“இதென்ன அண்ணாச்சி, பச்சையா? புதுச் சரக்கால்ல இருக்கு! இது எந்த மடையன் செஞ்ச வேலை?”

வேதமாணிக்கம் தராசைத் துடைத்தார். பகவதிப்பெருமாள் விடுவதாக இல்லை. பல வருஷம் திட்டு வாங்கிய கடனைத் தீர்க்க வேண்டும் அவருக்கு. “சொல்லுங்க அண்ணாச்சி. என் பேரை மட்டும் ஊரு முழுக்கச் சொன்னியளே. இது யாரு? கரமனையா, பேட்டையா?”

“சொல்லுங்கப்பா” என்றாள் அஜிதா. “கேக்காங்கல்ல?”

சுடலைக்கண்ணு மகளைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், தூணைப் பார்த்தார்.

“நாந்தாம்ல!” என்று கத்தினார். பருப்பு மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். “நாந்தான் ராவினேன்! என்னங்கிற இப்போ? உனக்குப் போல்ட்டு வேணுமா, வேண்டாமா?”

“வேணும் அண்ணாச்சி” என்றார் பகவதிப்பெருமாள், சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு. “நாலு நூல்.”

“மரை என்ன...” என்று தொடங்கிய சுடலைக்கண்ணு அதோடு நின்றுவிட்டார். பகவதிப்பெருமாள் தானாகவே கோட்டுப் பையிலிருந்து பழைய போல்ட்டை எடுத்துப் பலகையில் வைத்தார்.

வெங்கடகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். “அம்மா, மெஷினை நீயே சரி பண்ணு. ஃபெஸ்ட்டுக்கு முன்னாடி கிடைச்சாப் போறும். வேற யாரும் தொடப்படாது, அதாக்கும் எனக்கு வேண்டியது. டேய் பிரணவ், ஃபெஸ்ட்டுன்னா என்ன ஃபெஸ்ட்டுன்னு ஆத்துல போய் விசாரிச்சுக்கறேன்.” பையனை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ திரும்பும் வரைதான் சுடலைக்கண்ணு பொறுத்திருந்தார். பிறகு பாய்ந்துகொண்டு வந்தார்.

“நாலு பேரு முன்னால, கண்ட லாரிக்காரன் முன்னால, பெத்த அப்பன் மானத்தை வாங்கிட்டேல்ல? இப்போ நான் சொல்லுதேன் கேட்டுக்கோ. படிக்குக் கீழ ஆணிதான் கெடக்கும். நான் கண்ணை மூடுத மட்டும் ஆணிதான் கெடக்கும். எடமும் கெடையாது, போர்டும் கெடையாது.”

அஜிதா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். படிக்கு அடியில் குனிந்து, முதல் ஆணி மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். கனம். சாக்குக்குள்ளிருந்த ஆணி முனைகள் கையைக் குத்தின. நகரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்து, “எப்போப் பாரு போகண்டாம், நிக்கண்டாம்! எப்போப் பாரு நீங்க தந்தாத்தான் கெடைக்கணுமா!” என்று முனகிக்கொண்டே இழுத்தாள். ஒரு சாண் நகர்ந்தது.

“ஏட்டி, விடு! மூட்டைய விடு! வேதமாணிக்கம், என்னல பாத்துக்கிட்டு நிக்க, பிடிடே அவளை!”

வேதமாணிக்கம் தராசுக்குப் பின்னால் நின்றார். “நீங்க தாரேன்னு சொன்னதை நான் கேட்டேன் அண்ணாச்சி” என்றார் தாழ்ந்த குரலில். அசையவில்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. உலகம்மாள் இறங்கிவந்தாள். கடைசிப் படியில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கடைக்குள் கால் வைத்தாள், கல்லாவைத் தாண்டி, புருஷனைத் தாண்டி வந்து, மூட்டையின் மறு காதைப் பிடித்தாள்.

“இழு மக்கா.”

இரண்டு பேரும் இழுத்த இழுப்பில் மூட்டை படிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, வாசலைத் தாண்டித் தெருவில் விழுந்தது. மழை சாக்கை நனைக்க ஆரம்பித்தது.

“மழையில போடுதியளே பாவிகளா” என்று சுடலைக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டு அலறினார். “ஆணி துருப்பிடிச்சுப் போகும்டி!”

உலகம்மாள் அடுத்த மூட்டையின் காதைப் பிடித்தாள்.

“பிடிக்கட்டும்” என்றாள்.